கூரையில் சோலார்: செல் எங்கே பிறந்தது என்று கேளுங்கள்

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் தமிழ், கரண்ட் பில்லில் மலையாளம். சாமான் வாங்கப் பொள்ளாச்சிக்குப் போவோம்; மீட்டரோ கேரள மின்வாரியத்துடையது.

சோலார் போடும் எண்ணம் இருந்தால் முதலில் பில்லை எடுத்து, யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. அதை மாற்றாமல் வேலை நகராது. பிறகு 13 இலக்க நுகர்வோர் எண்ணை வைத்து கூரை சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்யகர் திட்டத்தின் போர்ட்டலில் பதியுங்கள். மானியம் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் மொத்தம் 78,000தான்.

நான் சறுக்கியது பேனலில். எல்லைக்கு அந்தப் பக்கத்து வியாபாரி ஒருவரின் கொட்டேஷன் மற்றவர்களுடையதைவிட நன்றாகவே குறைவு. "இந்தியாவில் செஞ்சதுதாங்க" என்றார். பொய் சொல்லவில்லை. பேனலைச் சேர்த்தது இந்தியாவில்; உள்ளே இருந்த செல், அதாவது வெயிலை மின்சாரமாக்கும் சில்லு, சீனாவிலிருந்து வந்தது. மானியம் வேண்டுமானால் செல், பேனல் இரண்டுமே இங்கே செய்ததாக இருக்க வேண்டும். இந்த உள்நாட்டுச் சரக்கு நிபந்தனைக்குப் பெயர்தான் டிசிஆர். இது எனக்குத் தெரிந்தது அட்வான்ஸ் கொடுத்த பிறகு. ஆகவே கொட்டேஷனிலேயே 'டிசிஆர் பேனல்' என்று எழுதி வாங்குங்கள். விற்பவர் பெயர் போர்ட்டலில் கேரளப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"எதுக்குடா இந்த நிபந்தனை?" என்று மச்சான் கேட்டான். உள்நாட்டுத் தொழில் வளரத்தான். ஆனால் உள்நாட்டுச் சரக்கை வாங்கினால்தான் மானியம் என்பதை உலக வர்த்தக அமைப்பின் விதி தடுக்கிறது. இந்தியா முன்பு தேசிய சோலார் திட்டத்தில் இப்படி நிபந்தனை வைத்ததற்கு அமெரிக்கா 2013இல் புகார் கொடுத்தது. இது அரசுக் கொள்முதல், விலக்கு உண்டு என்று இந்தியா வாதாடிப் பார்த்தது. அரசு வாங்கியது மின்சாரத்தை, செல்லை அல்லவே என்று 2016இல் மேல்முறையீட்டிலும் தள்ளிவிட்டார்கள். அமெரிக்கா மட்டும் யோக்கியமா? வாஷிங்டன், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் உள்ளூர்ச் சரக்குக்குச் சலுகை கொடுத்து, இந்தியா போட்ட வழக்கில் 2019இல் மாட்டிக்கொண்டன.

இதெல்லாம் அரசுகளுக்குள் நடக்கிற வழக்கு. அந்த அமைப்பு இருக்கும் ஜெனீவாவில் என்ன தீர்ப்பு வந்தாலும் வீட்டுக்காரரைக் கூண்டில் நிறுத்த மாட்டார்கள். நாம் கவலைப்பட வேண்டியது சான்றிதழைப் பற்றித்தான். டிசிஆர் சான்றிதழையும் ஒவ்வொரு பேனலின் சீரியல் நம்பரையும் கேட்டு வாங்குங்கள். திட்டம் 2026-27 நிதியாண்டு வரை என்று அறிவித்திருக்கிறார்கள், அதனால் ஆற அமரச் செய்யலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பேனல் மேலே ஏறுவதற்கு முன்பே பின்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள். மாட்டிய பிறகு நம்பர் பார்க்க, நான் மொட்டை மாடித் தளத்தில் மல்லாந்து படுத்து ஊர்ந்தேன். பங்குனி வெயில் வேறு.