ஆரக்கிளை விட்டு போஸ்ட்கிரெஸுக்குப் போகிறவர்கள் விழும் குழிகள்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர், பழைய பில்லிங் டேட்டாபேஸ் ஒன்றை ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் பின்னால் நின்று ஸ்கிரீனைப் பார்த்தேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் செய்து வாங்கிக்கட்டிக்கொண்ட அதே காரியங்கள், ஏறக்குறைய அதே வரிசையில். அதனால்தான் இது. பேக்கப் எடு, டெஸ்ட் செர்வரில் ஓட்டிப் பார் என்பதெல்லாம் இதில் கிடையாது. அது தெரியாதவரை யாரும் புரொடக்‌ஷன் பக்கம் விடமாட்டார்கள்.

காலியும் 'நல்'லும் ஒன்றல்ல

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருவது இது ஒன்றுதான்.

ஆரக்கிளில் எழுத்தே இல்லாத காலிச் சரத்தை ஒரு ஃபீல்டில் போட்டால், உள்ளே போய் உட்காருவது 'நல்' (NULL), அதாவது மதிப்பே இல்லை என்ற குறி. (அந்தப் பெயரை வைத்தவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் வேறு பெயர் யோசித்திருப்பார்.) ஆரக்கிள் விற்பனைக்கு வந்தது 1979-ல், டேட்டாபேஸோடு பேசும் எஸ்க்யூஎல் மொழிக்கு அமெரிக்கத் தரநிலை வந்தது 1986-ல். தரநிலைக்கு முந்தைய பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. வருங்காலப் பதிப்புகளில் இது மாறலாம், இதை நம்பி எழுதாதீர்கள் என்று அவர்களுடைய மேனுவலே வருடக்கணக்காகச் சொல்லிவருகிறது. மாறியபாடில்லை, எல்லோரும் நம்பித்தான் எழுதியிருக்கிறோம்.

போஸ்ட்கிரெஸில் காலிச் சரம் வேறு, நல் வேறு. அதோடு, ஆரக்கிளில் இரண்டு நிமிர்ந்த கோடு (||) போட்டு ஒரு சரத்தோடு நல்லை ஒட்டினால் சரம் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரெஸில் மொத்தமும் நல் ஆகிவிடும்.

நாங்கள் மாற்றியது பாலிசி புதுப்பிப்புக் கடிதம் அனுப்பும் ஒரு சிஸ்டம். கடிதத்தில் பெயர் வரும் விதம்: முதல் பெயர், இடைவெளி, கடைசிப் பெயர். நம் ஊரில் கடைசிப் பெயர் ஏது? முருகேசன் என்றால் முருகேசன்தான், முன்னால் ஒரு இனிஷியல். அந்த ஃபீல்டு ஏராளமானோருக்குக் காலி. டெஸ்டிங்கில் கடைசிப் பெயர் இல்லாமலும் புது வாடிக்கையாளர்களைச் சேர்த்துப் பார்த்தோம், பெயர் ஒழுங்காக வந்தது. ஏன் வந்தது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. புதிதாகச் சேர்த்தவர்களுக்குக் காலிச் சரம் காலிச் சரமாகவே பதிவாகியிருந்தது. ஆரக்கிளிலிருந்து வந்த பழையவர்களுக்கோ அது நல்.

கட்ஓவர், அதாவது புது டேட்டாபேஸுக்கு மாறுவது, முடிந்த முதல் வாரத்தில் "அன்புடையீர்" என்று ஆரம்பித்து, பெயர் இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கடிதங்கள் போயின. எர்ரர் ஒன்று கூட இல்லை, லாக் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கிளைக்கு ஒருவர் கடிதத்தோடு நேரில் வந்து, "இது எனக்கா, பக்கத்து வீட்டுக்காரருக்கா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் எங்களுக்கு வந்தது.

அதைச் சரிசெய்கிறேன் என்று நான் பண்ணியது அதைவிட மோசம். கண்ட இடத்திலெல்லாம் கோஅலெஸ் (நல் இருந்தால் வேறு மதிப்பைத் தரும் ஃபங்ஷன்) போட்டேன், தேடும் நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியில் இருந்த ஃபீல்டுகளையும் விடவில்லை. ஃபீல்டைச் சுற்றி ஃபங்ஷன் வந்ததும் அதன் மேல் வேகமாகத் தேடுவதற்காக இருந்த இண்டெக்ஸ் பயனற்றுப் போனது. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் பெயரைத் தட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்ற நிலை. சரங்களை ஒட்டும் கான்கேட் போட்டு இண்டெக்ஸ் கட்டலாம் என்று போனால், அந்த ஃபங்ஷன் இம்யூட்டபிள் வகை (ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை) இல்லை என்று போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது.

இதே குழிக்கு இன்னும் இரண்டு வாசல் உண்டு. ஒரே மதிப்பு இரண்டு முறை வரக் கூடாது என்று யூனிக் போட்ட மின்னஞ்சல் ஃபீல்டை ஆரக்கிளில் ஆயிரம் பேர் காலியாக விடலாம்; போஸ்ட்கிரெஸில் காலிச் சரத்தோடு வரும் இரண்டாவது ஆளே மாட்டிக்கொள்வார். மறுபக்கம், நல் கூடாது என்று நாட் நல் போட்ட ஃபீல்டில் காலிச் சரம் ஜம்மென்று உள்ளே போகும்.

ஒரு வரி டேட்டாவை நகர்த்தும் முன்பே முடிவெடுங்கள்: காலி என்றால் நல் மட்டும்தான். இன்சர்ட், அப்டேட் இரண்டிலும் காலிச் சரத்தை நல் ஆக்கும் நல்இஃப் போடுங்கள். ஃபீல்டு காலிச் சரத்துக்குச் சமமாக இருக்கக் கூடாது என்று ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்ட் வையுங்கள். செக் நல்லைத் தடுக்காது, காலிச் சரத்தை மட்டும் வாசலிலேயே நிறுத்தும். பெயர் ஒட்ட கான்கேட்_டபிள்யூஎஸ் போதும், அது நல்லைத் தானாகவே தாண்டிப் போய்விடும்.

எல்லா நம்பரும் நியூமெரிக் ஆவது

ஆரக்கிளில் எண் என்றால் பெரும்பாலும் நம்பர் என்ற ஒரே வகை. கன்வெர்ஷன் டூலைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் கீ ஃபீல்டுகள் எல்லாம் நியூமெரிக் (தசமம் தாங்கும், மெதுவான எண் வகை) ஆகி, டேபிள்களை இணைக்கும் ஜாயின்கள் மந்தமாகும். சரி என்று முழு எண் வகையான பிக்இன்ட் ஆக்கினாலும் கதை முடியாது. ஜாவா பக்கம் பழைய பழக்கத்தில் தசம எண் வகையான பிக்டெசிமல் அனுப்பிக்கொண்டிருந்தால், ஒப்பிடுவதற்காக போஸ்ட்கிரெஸ் ஃபீல்டையே நியூமெரிக்காக மாற்றும். இண்டெக்ஸ் இருந்தும் முழு டேபிளையும் படிக்கும். க்வெரி எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்பிளைனில் ஃபீல்டு பெயரை ஒட்டி நியூமெரிக் என்று தெரிந்தால் காரணம் இதுதான், செர்வருக்கு ராம் கேட்டு மெயில் போடாதீர்கள்.

தேதி

ஆரக்கிளின் டேட்டில் மணி, நிமிடம், நொடி உண்டு. போஸ்ட்கிரெஸின் டேட்டில் கிடையாது. டைம்ஸ்டாம்ப் ஆக்குங்கள்.

சீக்வென்ஸ்

புது வரிகளுக்கு அடுத்தடுத்து எண் கொடுப்பது சீக்வென்ஸ்; டேபிளில் உள்ள பெரிய எண்ணுக்கு அதை நகர்த்திய பிறகு அப்ளிகேஷனைத் திறங்கள்.

ஆட்டோவேக்யூமை அணைப்பது

அணைக்காதீர்கள், பழைய வரிகளைத் தானாகக் கூட்டித் தள்ளும் வேலை அது. ஆரக்கிள், மாற்றிய வரிகளின் பழைய பிரதிகளை அன்டூ என்ற இடத்தில் தனியாக வைக்கும். போஸ்ட்கிரெஸில் அவை டேபிளுக்குள்ளேயே கிடக்கும், கூட்ட ஆள் வேண்டும். சொல்லப்போனால் அந்த ஆள் இன்னும் அடிக்கடி வர வேண்டும். தானாக இருக்கும் கணக்குப்படி டேபிளில் 20 சதவீதம் செத்த வரிகள் சேர்ந்த பிறகுதான் துடைப்பம் எடுக்கும். பத்துக் கோடி வரி உள்ள டேபிளுக்கு அது இரண்டு கோடி. பெரிய டேபிள்களுக்கு மட்டும் தனியாக 1 சதவீதம் என்று குறைத்து வைப்பது என் வழக்கம். டேட்டா ஏற்றி முடித்ததும், டேபிள்களின் புள்ளிவிவரத்தைச் சேகரிக்கும் அனலைஸை நீங்களே ஓட்டிவிடுங்கள், திங்கட்கிழமைக் காலைக் கூட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு எர்ரர், முழு டிரான்ஸாக்‌ஷனும் போச்சு

டிரான்ஸாக்‌ஷன் என்பது ஒன்றாக நிற்கும் ஸ்டேட்மென்ட்களின் தொகுப்பு; ஆரக்கிளில் அதில் ஒரு ஸ்டேட்மென்ட் தோற்றால் அது மட்டும் ரோல்பேக் (பழைய நிலைக்குத் திரும்புவது) ஆகும். டூப்ளிகேட் வந்தால் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகும் இரவு நேர ஜாப்கள் இதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் முதல் எர்ரருக்குப் பிறகு ரோல்பேக் செய்யும்வரை அந்த டிரான்ஸாக்‌ஷனில் எதை அனுப்பினாலும் மறுத்துவிடும். டூப்ளிகேட் வந்தால் எர்ரர் தராமல் விட்டுவிடும் ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங் போதுமான இடத்தில் அதைப் போடுங்கள். வரிக்கு ஒரு சேவ்பாயின்ட் (திரும்பி வர ஒரு அடையாளப் புள்ளி) வைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் லட்சக்கணக்கான வரிகளுக்கு அப்படி வைத்த எங்கள் ஜாப் விடிந்து ஆபீஸ் திறந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.