மலைக் குளிரில் நீரிழிவு நோயாளியைப் பேணும் முறை

நீரிழிவு உள்ளவரை வீட்டில் வைத்துப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவர்கள் மாத்திரையையும் சாப்பாட்டையும் பற்றியே பெரிதும் கவலைப்படுகிறார்கள். நீலகிரியில் அவற்றோடு சேர்த்துக் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டியது பாதம். நோய் நாட்பட நாட்படப் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் நெருப்புச் சட்டியருகே கால் நீட்டி உட்காருவதும், வெந்நீர்ப் பையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு உறங்குவதும் இங்கே வழக்கம் என்றாலும், சூடு உறைக்காத காலுக்கு இரண்டுமே ஆபத்து. கோத்தகிரியில் என் தாயாரின் குதிகாலில் நாணய அளவுக்கு எழுந்திருந்த கொப்புளத்தை, காலுறையில் ஈரம் கண்ட பிறகே அறிந்தேன். அவருக்கு வலி தெரியவே இல்லை. ஆகவே பையை வைத்துப் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவர் படுக்கும்முன் எடுத்துவிடுங்கள். காலுக்குக் கம்பளிக் காலுறை போதும்.

இரவுதோறும் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கையும் உள்ளங்காலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தேயிலைத் தோட்டத்துக்குச் செல்பவராயின் அட்டைக்கடியையும் பூட்ஸ் உராய்ந்த இடத்தையும் தேடுங்கள். புண்ணோ நிறமாற்றமோ தெரிந்தால், மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்பாட்டில் உள்ள குப்பியை, மலை வீடுகளில் அடுப்பிலிருந்தும் சன்னலிலிருந்தும் தள்ளியுள்ள அலமாரியிலேயே சுமார் 4 வாரம் வைத்திருக்கலாம். மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதான் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அதை விட்டுச்செல்லக் கூடாது. சர்க்கரை சோதிக்கும்போது விரல் விறைத்திருந்தால் இரத்தம் சரியாக வராது. வெதுவெதுப்பான நீரில் கை கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள்.

மேடேறி இறங்கும் நடையால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். வியர்வையும் நடுக்கமும் தோன்றி, அளவு 70-க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எனினும் மண்சரிவில் சாலை அடைபடும் ஊரில் இரண்டு வார மருந்தாவது கையிருப்பில் இருக்கட்டும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது, ஆண்டுக்கணக்கில் ஒருவரை வேண்டாம் வேண்டாம் என்று தடுத்துக்கொண்டே இருப்பது. தாயார் முந்தானைக்குள் வர்க்கியை மறைத்ததைக் கண்டு நான் கத்தியதுண்டு. இப்போது, மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். ஞாயிறு மாலையில் ஒரு வர்க்கியை நானே தட்டில் வைக்கிறேன்.