வனக்குளியல்: பராக்குப் பார்க்கப் பழகுவது எப்படி?

வனக்குளியலுக்குத் தண்ணீரும் வேண்டாம், துண்டும் வேண்டாம். மரங்கள் நிறைந்த இடத்தில் ஆற அமர இருந்து, ஐம்புலன்களையும் அங்கே ஊறவிடுவதுதான் இந்தக் குளியல். 1982இல் ஜப்பான் வனத்துறையின் தலைவராக இருந்த டோமோஹிதே அகியாமா இதற்கு 'ஷின்ரின் யோகு' என்று பெயர் வைத்தார். ஷின்ரின் என்றால் காடு, யோகு என்றால் குளியல்.

முதல் தடவை போகிறவர்கள் பலர் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம், இதை நடைப்பயிற்சியாகவோ மலையேற்றமாகவோ நினைத்துக்கொண்டு போவது. சின்ன வயதில் "அங்கே என்ன பராக்கு?" என்று திட்டு வாங்கிய அதே காரியத்தைத்தான் இங்கே முறைப்படி செய்யப்போகிறோம்.

கிளம்பும் முன்

அடர்ந்த காடு கட்டாயமில்லை. நிழல் தரும் மரங்களும், ஏற்ற இறக்கம் குறைந்த பாதையும், வாகன இரைச்சல் அமுங்கிப்போகும் தூரமும் இருந்தால் பெரிய பூங்காவே போதும். போன வழியே திரும்பும் பாதையைவிட, சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வரும் பாதை நல்லது. வழியைப் பற்றிய யோசனை குறையும்.

2 மணி நேரம் ஒதுக்குங்கள். அவ்வளவு முடியாதவர்களுக்கு 20 முதல் 30 நிமிடம். 2019இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் மிக வேகமாகக் குறைந்தது இந்த 20–30 நிமிட அளவில்தான். இடி, பலத்த காற்று இருக்கும் நாளைத் தள்ளிப்போடுங்கள். இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும்.

அரை லிட்டர் தண்ணீர், உட்கார ஒரு விரிப்பு, முழுக்கை சட்டை, முழுக்கால் உடை, மூடிய காலணி. வாசனைத் திரவியம் அன்றைக்கு வேண்டாம். கொசு விரட்டியைக் கைகளில் பூசினால் எதை எடுத்து முகர்ந்தாலும் அதன் நெடிதான் வரும். கணுக்காலிலும் உடையிலும் போட்டுக்கொள்ளுங்கள். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். முடிக்க வேண்டிய நேரத்துக்கு அலாரம் வைத்து, போனை ஃபிளைட் மோடில் பைக்கு அடியில் போடுங்கள். அலாரம் இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்க்கத் தோன்றும்.

படி 1: நிற்பது (5 நிமிடம்)

பாதை தொடங்கும் இடத்திலேயே நில்லுங்கள். மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டாம், அது தானாகவே நிதானமாகும். பாதத்தின் எந்தப் பகுதியில் எடை விழுகிறது, காற்று முகத்தின் எந்தப் பக்கம் படுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

படி 2: மெதுவாக நடப்பது (40 நிமிடம்)

வழக்கமான வேகத்தில் பாதி, பிறகு அதிலும் பாதி. 2 மணி நேரத்தில் மொத்தம் ஒரு கிலோமீட்டர் கடந்தாலே அதிகம். எல்லாப் புலன்களையும் ஒரே நேரத்தில் திறக்க முயன்றால் எதுவும் பதியாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள்.

காதில் தொடங்குவது சுலபம். மிக அருகில் கேட்கும் ஒலியைப் பிடியுங்கள், அதற்கு அடுத்தது, பிறகு கேட்கக்கூடிய மிகத் தொலைவான ஒலி. கண்ணுக்கு அசைவுகளைக் கொடுங்கள்: இலை நிழல், எறும்புச் சாரை. மூக்குக்கு, கீழே உதிர்ந்த இலையைக் கசக்கி முகருங்கள். மரங்கள் வெளிவிடும் ஆல்ஃபா பைனீன், லிமோனீன் போன்ற வேதிப்பொருள்களைத்தான் ஃபைட்டான்சைடு என்கிறார்கள். வெயில் ஏற ஏற இவை அதிகமாக ஆவியாகும், அதனால் வெதுவெதுப்பான நாளில் காட்டின் மணம் தூக்கலாக இருக்கும். தொடும்போது கம்பளிப்பூச்சி, பிசின், முள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மரப்பட்டையில் கை வையுங்கள். நாக்குக்குத் தண்ணீர் போதும். தெரியாத இலையும் காயும் வாய்க்குள் போகக் கூடாது.

பத்துப் பதினைந்து நிமிடத்தில் சலிப்பு வரும். கிட்டத்தட்ட எல்லாருக்கும் வரும், பெரும்பாலானவர்கள் வேகத்தைக் கூட்டுவதும் கேமராவை எடுப்பதும் அப்போதுதான். அங்கேயே நின்று, உள்ளங்கை அளவு இடத்தை இரண்டு நிமிடம் பாருங்கள். மனம் வேலைக்கணக்குப் போட ஆரம்பித்தால் அதோடு சண்டை போடாமல், காதுக்குத் திரும்புங்கள்.

படி 3: உட்கார்வது (20 நிமிடமாவது)

முதலில் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடி ஆபத்து. எறும்புப் புற்று இருக்கிறதா என்று தரையையும் பார்த்துவிட்டு விரிப்பைப் போடுங்கள். நீங்கள் வந்த சத்தத்தில் அடங்கிய பறவைகள், அசையாமல் இருந்தால் சில நிமிடங்களில் மறுபடி புழங்கத் தொடங்கும். இரண்டு மூன்று பேராகப் போனால் ஆளுக்குப் பத்தடி தள்ளி உட்காருங்கள், பேச்சு கடைசியில். தூக்கம் வந்தால் தூங்கலாம், அதில் தவறே இல்லை.

மரத்தின் பெயரைத் தேடி உடனே போனை எடுக்க வேண்டாம். இங்கிலாந்தின் டெர்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இயற்கையோடு நெருக்கத்தை வளர்ப்பது புலன், உணர்ச்சி, அழகு, அர்த்தம், பரிவு ஆகியவைதான். பெயர்களும் தகவல்களும் மட்டும் அதைத் தருவதில்லை. பெயர் வீட்டுக்குப் போனபின் தேடிக்கொள்ளலாம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஜப்பானில் 24 காடுகளில் 280 பேரிடம் நடத்திய அளவீடுகளில், நகரத்தில் இருந்ததைவிடக் காட்டில் கார்டிசாலும் நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைவாக இருந்தன. ரத்த அழுத்தத்தில் வித்தியாசம் சிறியதுதான், ஆகவே மாத்திரையை நிறுத்த இது காரணமாகாது. நோய் எதிர்ப்புக்கான என்கே செல்கள் கூடியதாகப் பரவலாகச் சொல்லப்படும் 2005ஆம் ஆண்டுச் சோதனை, 12 ஆண்கள் மூன்று பகல் இரண்டு இரவு காட்டுப் பகுதியில் தங்கிச் செய்தது. ஒரு காலைப்பொழுதுக்கு அதே பலனை எதிர்பார்ப்பது பேராசை.

வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று, இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே மூச்சாகவோ பிரித்தோ, எப்படியும் கணக்கில் சேரும். ஒவ்வொரு வாரமும் புதுக் காடு தேடி அலைய வேண்டாம். அதே பாதை, அதே மரத்தடி. நான்காவது ஐந்தாவது தடவையில்தான், போன வாரம் இல்லாத துளிரும் புதிதாக ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுவும் கண்ணில் படத் தொடங்கும்.

வீட்டுக்கு வந்ததும் காலுறை ஓரம், முழங்கால் மடிப்பு, இடுப்பு ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குளியுங்கள், இந்த முறை தண்ணீரில்.