ஓசிடிக்கு மருத்துவரைத் தேடுகிறவர்களுக்கு

ஓசிடி என்பது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஏதாவது ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற மனநோய். எனக்கு இருப்பது அதுதான் என்று ஒரு மருத்துவர் பெயர் சொல்லிக் கேட்க ஒன்பது வருடம் ஆனது. அதற்கு முன்பு மூன்று பேரிடம் போயிருந்தேன். மூவருமே அக்கறையானவர்கள்தான். ஆனால் நான் பாதியைத்தான் சொன்னேன், அவர்களும் மீதியைக் கேட்கவில்லை. இப்போது தேட ஆரம்பிக்கிற உங்களுக்கு அவ்வளவு காலம் ஆகக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பெயர்களைத் தேடுவதற்கு முன்பு ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், என்ன எண்ணம் வந்தது, அதைத் தணிக்க என்ன செய்தீர்கள், எத்தனை நிமிடம் போனது, இவ்வளவு மட்டும் எழுதினால் போதும். என் முதல் பக்கத்தில் இருந்த குறிப்புகளில் ஒன்று இது: "இரவு 10.20. வாசல் கதவு. 11 முறை. 35 நிமிடம். கடைசியில் பூட்டைப் போனில் படம் எடுத்தேன். படுத்த பிறகு அந்தப் படத்தை 6 முறை பார்த்தேன்." கூட்டிப் பார்த்தால் அந்த ஒரு நாளில் மட்டும் மூன்று மணி நேரத்துக்கு மேல். இந்தக் கணக்குக்கு ஒரு பயன் உண்டு. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதில் போகிறதா, வேலையும் குடும்பமும் இதனால் பாதிக்கப்படுகின்றனவா என்பதை மருத்துவர்கள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். "கொஞ்சம் அதிகமாகச் சரிபார்ப்பேன்" என்று நான் சொன்னபோது யாருக்கும் எதுவும் புரியவில்லை. நோட்டைக் காட்டியபோது புரிந்தது. மனசுக்குள்ளேயே எண்ணுவது, ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது, நடந்ததை ஓட்டி ஓட்டிப் பார்ப்பது, இவையும் கட்டாயச் செயல்கள்தான், அதாவது எண்ணத்தைத் தணிக்கச் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றுபவை. வெளியே தெரியாது என்பதால் பலர் இவற்றை விட்டுவிடுகிறார்கள். எழுதுங்கள்.

அப்புறம், யாரிடமும் சொல்லாத அந்த எண்ணம். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது, சமையலறையில் கத்தியைப் பார்த்தாலே, அவனை நான் ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு படம் மனதில் வந்து போகும். கத்திகளை எல்லாம் மேல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயத்தில் முதல் மருத்துவரிடம் கதவைப் பற்றி மட்டும் பேசினேன். அவர் பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பல வருடங்கள் கழித்து நான்காவது மருத்துவரிடம் போனபோதும் வாய் வரவில்லை. ஒரு தாளில் எழுதி நீட்டினேன். அவர் படித்தார், முகம் மாறவே இல்லை. "இப்படிப்பட்ட எண்ணங்கள் ஓசிடி இல்லாதவர்களுக்கும் வருகின்றன. 1978-இலேயே இரண்டு ஆய்வாளர்கள் இதைக் காட்டியிருக்கிறார்கள். உங்களுக்கு அது போகாமல் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான்" என்றார். ஓசிடி தெரிந்தவருக்கு இந்த எண்ணம் புதிதாக இருக்காது. கேட்டு அதிர்ந்துபோகிறவர் உங்களுக்கான ஆள் இல்லை. பேச முடியாவிட்டால் நீங்களும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

யாரைத் தேடுவது என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இருந்தது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். பேச்சும் பயிற்சியும் கொண்ட சிகிச்சையைப் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர் தருவார். சிலர் இரண்டையும் செய்வார்கள். பலருக்கு இரண்டு பேர் தேவைப்படும், எனக்கும் அப்படித்தான். அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள எழுத்தில் சம்மதம் கொடுத்துவிடுங்கள். நடுவில் நின்று சேதி சொல்கிற வேலை உங்களுக்கு இருக்காது.

தேட நல்ல இடம், மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனைகளின் மனநலத் துறை. அங்கே ஓசிடியில் தனிக் கவனம் செலுத்துகிறவர் ஒருவர் இருக்க வாய்ப்பு அதிகம். பல்கலைக்கழக உளவியல் துறைகளிலும் விசாரிக்கலாம். இன்டர்நேஷனல் ஓசிடி ஃபவுண்டேஷன் என்று 1986-இல் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. சிகிச்சை தருகிறவர்களின் பட்டியலை அவர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடாதீர்கள், நீங்களே கேட்டுப் பாருங்கள்.

எதைக் கேட்பது? "ஓசிடிக்குச் சிகிச்சை தருவீர்களா?" என்று கேட்டால் எல்லோருமே ஆம் என்பார்கள். நான் அப்படிக் கேட்டுத்தான் ஏமாந்தேன். "என்ன முறையில் தருவீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் கேட்க விரும்புகிற பதில் ஈஆர்பி, அதாவது எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் பிரிவென்ஷன். பயத்தைக் கிளப்புகிற விஷயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது, எதிர்கொண்ட பிறகு வழக்கமான கட்டாயச் செயலைச் செய்யாமல் இருந்து பழகுவது. லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் 1966-இல் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து எழுதினார். ஓசிடியைக் குணப்படுத்தவே முடியாது என்று பலரும் கைவிட்டிருந்த காலம் அது. இன்றைக்கு உளவியல் சிகிச்சைகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது இந்த வழிதான். இதில் பயிற்சி பெற்றவர் பெயரைச் சொல்வதோடு நிற்க மாட்டார், எப்படி நடக்கும் என்றும் விளக்குவார்.

தொடர்ந்து இவற்றையும் கேளுங்கள்: பயிற்சியை என்னோடு சேர்ந்து அங்கேயே செய்வீர்களா, வீட்டில் தனியாகச் செய்யச் சொல்வீர்களா? வாரா வாரம் வீட்டுப் பாடம் உண்டா? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு யேல்-பிரவுன் அளவுகோல் என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். எண் கூடினால் நோயின் தீவிரமும் கூடுதல் என்று அர்த்தம். நான் 27-இல் ஆரம்பித்தேன். இப்போது 11.

இனி, எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக நான் போனது ஒரு கவுன்சிலரிடம். எட்டு மாதம் போனேன். மென்மையான பெண்மணி. ஒவ்வொரு வாரமும் என் பயங்களைக் கேட்டுவிட்டு, "நீங்கள் கவனமானவர், அப்படி எதுவும் நடக்காது" என்பார். வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும். இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும். அடுத்த வாரம் அதே ஆறுதலுக்காகத் திரும்பவும் போவேன். பூட்டை இழுத்துப் பார்ப்பதைப் போலத்தான் அந்த ஆறுதலும் என்று எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. எண்ணம் வந்தால் கையில் ரப்பர் பேண்டை இழுத்து விடும்படி தன் கவுன்சிலர் சொன்னார் என்று ஒரு தோழி சொன்னாள். எண்ணத்தை அடக்கப் பார்த்தால் அது கூடத்தான் செய்யும். "மனசை வேறு பக்கம் திருப்புங்கள்", "நிம்மதியாக இருங்கள்", "சிறுவயதில் என்ன நடந்தது என்பதை மட்டும் பேசுவோம்" என்று ஒருவர் சொன்னால் அவர் கெட்டவர் இல்லை. ஆனால் இந்த நோய்க்கு அது போதாது.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியைச் சொல்கிறேன். இப்போதைய சிகிச்சையாளர் வீடியோவில்தான் என்னைப் பார்க்கிறார். மூன்றாவது அமர்வில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பச் சொன்னார். கதவைப் பூட்டினேன். "ஒரு முறைதான். பிடியை இழுக்க வேண்டாம். தெருமுனை வரை நடங்கள்." உள்ளங்கை வியர்த்தது, போன் வழுக்கியது. "பயம் பத்தில் எவ்வளவு?" என்றார். "ஒன்பது." "பூட்டியாச்சு, கவலைப்படாதீர்கள்" என்று அவர் சொல்லவே இல்லை. "பூட்டாமலும் இருந்திருக்கலாம். தெரியாமலேயே நடப்போம்" என்றார். பயம் குறையும் என்ற உத்தரவாதமும் தரவில்லை. நான் திரும்பிப் போகாமல் நடந்தேன், அதுதான் அன்றைய வேலை. பக்கத்தில் ஈஆர்பி தெரிந்தவர் கிடைக்காவிட்டால் தொலைவில் இருப்பவரை வீடியோவில் பார்ப்பதைக் குறைவான சிகிச்சை என்று நினைக்காதீர்கள். என் பூட்டும் என் கத்தியும் இருந்தது என் வீட்டில்தானே.

மருந்து பற்றி மனநல மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலில் கொடுப்பது பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ என்கிற, மனச்சோர்வுக்கும் தருகிற மருந்து வகை: செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸமின், ஃப்ளூவாக்செட்டின் போன்றவை. பழைய மருந்தான க்ளோமிப்ரமினும் உண்டு. மனச்சோர்வுக்குத் தருவதைவிட ஓசிடிக்கு அதிக அளவு தேவைப்படலாம், பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம். ஆகவே "எந்த அளவு வரை, எத்தனை வாரம் பார்த்துவிட்டு மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். மூன்று வாரத்தில் பலன் இல்லை என்று மருந்தை மாற்றிக்கொண்டே போவதும் தவறு, ஒரு வருடம் அதே குறைந்த அளவிலேயே விட்டுவைப்பதும் தவறு. கர்ப்பமாக இருந்தால், வேறு மருந்து எடுத்தால், முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. ஓசிடி உள்ளவர் மருத்துவரைத் தேடினால், அந்தத் தேடலுக்குள்ளும் ஓசிடி புகுந்துவிடும். நான் இருபத்தாறு பெயர்களை அட்டவணை போட்டு இரவு இரண்டு மணி வரை ஒப்பிட்டேன். தவறான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்ற எண்ணத்திலேயே இரண்டு மாதம் போனது. கடைசியில் என் கணவர்தான், "மூன்று பெயர், இரண்டு வாரம், அதற்குள் போன் செய்" என்று எல்லை வைத்தார். அப்படித்தான் நடந்தது. உங்களுக்கும் அதே எல்லையைச் சொல்கிறேன். அமர்வு முடிந்து வந்த பிறகு, சரியாகச் சொன்னேனா என்று திரும்பப் போன் செய்யத் தோன்றும். நோட்டில் எழுதி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் மட்டும் இந்தத் தேர்வு எதுவும் வேண்டாம். மிக அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள்.

வீட்டில் இருப்பவர் ஒருவரை ஒரு அமர்வுக்காவது அழைத்துப் போக முடியுமா என்றும் கேளுங்கள். "கதவு பூட்டியிருக்கா?" என்று ஒரு நாளில் நான் கேட்ட இருபது முறையும் பொறுமையாக "பூட்டியாச்சும்மா" என்று பதில் சொன்னவர் என் கணவர். அன்பில்தான் சொன்னார். அந்தப் பதிலைப் படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று சிகிச்சையாளர்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

நான்கைந்து அமர்வு போன பிறகும் எதிர்கொள்ளும் பயிற்சியே தொடங்கவில்லை என்றால், காரணத்தை நேரடியாகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் மாறிக்கொள்ளலாம், மனம் கஷ்டப்பட வேண்டியதில்லை. மாறும்போது எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், என்ன பக்கவிளைவு என்று ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தாள் இருந்ததால்தான் நான்காவது மருத்துவர் என்னிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டி வரவில்லை.