வீட்டு விளம்பரத்தில் இருந்தது தப்பு என்று வாங்கிய பிறகு தெரிந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று எந்தப் பக்கத்திலிருந்து என்னிடம் பத்திரத்தோடு வந்தாலும், முதன்முதலாக வீடு வாங்கியவர்கள் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கிறது. விளம்பரத்தில் போட்டிருந்தது வேறு, கைக்கு வந்தது வேறு. அது தெரிந்த பிறகு அவர்கள் செய்யும் தவறுகளும் மாறுவதில்லை. வாங்கும் முன் வில்லங்கம் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

விளம்பரத்தை அழிய விடுவது

வீடு கைமாறியதும் தரகர் விளம்பரத்தை எடுத்துவிடுவார். அதற்கு முன்பே தேதி தெரிய படம் பிடித்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த விவரங்களையும் அழிக்காதீர்கள்.

எல்லா வித்தியாசத்துக்கும் ஒரே மாதிரி சண்டை போடுவது

"சிஎம்சி மருத்துவமனைக்கு 5 நிமிடம்" என்று போட்டிருந்தார்கள், கிரீன் சர்க்கிள் சந்திப்பின் நெரிசலைத் தாண்டவே அதைவிட அதிக நேரம் ஆகிறது. இதை வைத்து யாரிடமும் எதுவும் வாங்க முடியாது. அளவு அப்படியில்லை. 3 சென்ட் என்றால் 1,306.8 சதுர அடி. விளம்பரத்தில் 3 சென்ட், பத்திரத்தில் 1,200 சதுர அடி என்றால் பணம் கொடுத்தவருக்கு வலிக்கத்தான் செய்யும். ஆனால் 1,200 என்று எழுதிய பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு வழக்கு பலவீனமாகிவிடுகிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத குறையைத்தான் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. கண்ணெதிரே எழுதியிருந்த அளவு அதில் வராது.

பத்திரத்துக்குள் புகுந்த தவறை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடுவது

எனக்கு இன்றுவரை ஆற்றாமையாக இருப்பது இதுதான். விருதம்பட்டுப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு வாங்கினார். தரகர் விளம்பரத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவை மாற்றிப் போட்டிருந்தார். அதே விவரம் பத்திரம் எழுதும் இடத்துக்கும் போய், சொத்து விவரத்தில் அப்படியே ஏறிவிட்டது. செக்குபந்தி (நான்கு பக்க எல்லை) சரி, அளவு சரி, குடியிருக்கும் வீடும் அதுதான். எண் மட்டும் பக்கத்து மனையுடையது. பட்டா மாற்ற மனு போட்டபோது தவறு தெரிந்தது.

விற்றவர் அப்போது அடுத்த தெருவில்தான் இருந்தார், கையெழுத்துப் போடவும் தயார். ஆசிரியர் வீட்டில் மகள் கல்யாணம் வந்தது. அது முடியட்டும் என்று தள்ளிப் போட்டார். அதற்குள் விற்றவர் காலமாகிவிட்டார். இப்போது வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மகன் வெளிநாட்டில். இன்னொருவர் பணம் கேட்கிறார். ஒரு காலை வேளையில் சார்பதிவாளர் அலுவலகத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை!

இதைச் சின்ன எழுத்துப் பிழை என்று நினைக்காதீர்கள். ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றை சர்வே எண்ணை வைத்துத்தான் தேடுகிறார்கள். சரியான எண்ணைப் போட்டுத் தேடினால் நீங்கள் வாங்கியதே அதில் வராது, பழைய உரிமையாளர் பெயர்தான் கடைசியாக நிற்கும். பட்டாவும் அவர் பெயரிலேயே இருக்கும். வங்கி கடன் தராது. நாளைக்கு நீங்கள் விற்கப் போனாலும் வாங்குபவரின் வக்கீல் அங்கேயே நிறுத்திவிடுவார். தீய எண்ணம் உள்ள வாரிசு அதே இடத்தை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கவும் வழியிருக்கிறது.

ஆகவே தவறு தெரிந்த அந்த வாரமே விற்றவரைப் பார்த்து, பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். பிழை உள்ள கிரயப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் அதில் இருக்க வேண்டும், இருவரும் கையெழுத்திட வேண்டும். பிறகு புதிதாக வில்லங்கச் சான்று எடுத்துத் திருத்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே பட்டாவுக்குப் போங்கள். விற்றவர் மறுத்தால் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act), 26ஆம் பிரிவின்படி சிவில் நீதிமன்றம்தான் வழி. ஒன்று கவனம்: இல்லாத நிலத்தைத் திருத்தம் என்ற பெயரில் சேர்க்க முடியாது. விளம்பரத்தில் இருந்த கூடுதல் அளவைப் பத்திரத்தில் ஏற்றித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். அது திருத்தமே அல்ல.

பழைய பெயரைப் பிழை என்று நினைப்பது

தாய்ப்பத்திரத்தில், அதாவது சொத்தின் முந்தைய பத்திரத்தில், "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அன்றைக்கு வேலூர் இருந்த மாவட்டத்தின் பெயர் அது. நகர நில அளவை நடந்த இடங்களில் எண்ணும் மாறியிருக்கும். பழைய எண், புதிய எண் இரண்டையும் ஒத்துப்பாருங்கள்.

டேப் பிடித்து அளந்துவிட்டுப் பக்கத்து வீட்டோடு மோதுவது

தாலுகா அலுவலகத்தில் நில அளவைக்கு மனு போடுங்கள்.

பில்டரிடம் வாங்கியும் ரெராவை மறப்பது

ரெரா எனப்படும் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பொய்யான விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுத்து நஷ்டப்பட்டவருக்கு பில்டர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. கட்டுமானக் குறை என்றால் வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள்வரை கேட்கலாம். தனி நபரிடம் பழைய வீடு வாங்கியவர்களுக்கு இந்த வழி கிடையாது. பில்டர் மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டுக் கெடு.

சமாதானப் பணம் வாங்கிக்கொண்டு வெறும் தாளில் கையெழுத்திடுவது

கூடவே கூடாது. எந்தக் குறைக்காக எவ்வளவு என்று முழுதாக எழுதிய பிறகே பேனாவை எடுங்கள்.