கப்பி மீன் சாகாம இருக்க நான் செஞ்சது

நாங்க மட்டக்களப்பு கல்லடியில, பைப் தண்ணிதான். மகன்ட ஆசைக்கு டவுணுக்குள்ள ஆறு கப்பி வாங்கி வந்து பையை வெட்டி அப்படியே தொட்டிக்குள்ள ஊத்தினன், விடியப் பாத்தா நாலு மல்லாக்க மிதக்குது, மகன் ஒரே அழுகை. கடைக்காரனத்தான் ஏசினன், பிழை என்னிலதான்.

மறுகா வாங்கினதுக்கு, மாத்துற தண்ணிய ஒரு நாள் முதலே வாளியில புடிச்சு காத்து மோட்டர ஓட விட்டன், பைப் தண்ணியில கலக்கிற குளோரின் போகட்டும் எண்டு, தொட்டியிலயும் கால்வாசிதான் மாத்தினன். லைட்ட நிப்பாட்டிப்போட்டு பையைக் கட்டோட 20 நிமிசம் மிதக்க விட்டன், இஞ்சத்தைய வெயிலுக்க பஸ்ஸில வந்த பை, சூடேறி இருக்கும், தொட்டித் தண்ணிட சூட்டுக்கு வரட்டும் எண்டு. பிறகு வாயத் திறந்து அஞ்சு நிமிசத்துக்கொருக்கா பிளேன்டி குடிக்கிற கப்பால அரைக் கப் தொட்டித் தண்ணி, அரை மணித்தியாலம் மட்டும் ஊத்தி ஊத்தி, கடைசியில வலையால மீன மட்டும் அள்ளிப் போட்டன். பைத் தண்ணி ஒரு சொட்டும் உள்ள போகப்படாது, மீன்ட கழிவு அமோனியா முழுக்க அதுக்குள்ளதான். அண்டைக்கு சாப்பாடும் போடல்ல.

முதல் நாள் எல்லாம் கல்லுக்குப் பின்னால ஒளிச்சு நிண்டதுகள். மூணாம் நாள் மகன் கண்ணாடியில விரல வைக்க, வந்து கொத்துதுகள்.