கொப்பரைக் கொட்டகையில் ஒரு விமானம்: கட்டி முடியும்வரை காப்பீடு செய்வது எப்படி?

ஆலப்புழைக்காரரான அசோக் தாமராட்சன் லண்டனில் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற விமானக் கிட்டை, அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டும் விமானத்தை, கட்டினார். 2022-இல் குடும்பத்தோடு அதில் ஐரோப்பாவைச் சுற்றினார். அந்தச் செய்தி வந்ததிலிருந்து எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நிறைய பேர் என் கொட்டகையை எட்டிப் பார்க்கிறார்கள். நானும் இரண்டு இருக்கை கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் என்ன, எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பார்கள். கொட்டகை எரிந்தால் என்ன ஆகும் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அமெரிக்காவில் கட்டுமானக் காலத்துக்கென்றே தனி பாலிசி விற்கிறார்கள். நான் பாலக்காட்டிலும் கோவையிலும் ஏறி இறங்கிய அலுவலகங்களில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. அதனால் பாலிசிகளை ஒன்றோடொன்று கோர்க்க வேண்டியிருக்கிறது. லாரியில் வரும்போது கிட் ஒரு சரக்கு. கொட்டகைக்குள் வந்துவிட்டால் அது கட்டடத்தில் இருக்கும் பொருள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் விமானம். ஒரு பாலிசி முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நாளில்தான் ஓட்டை விழும்.

முதல் படி: கணக்கு நோட்டு

பாலிசிக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் வந்த தேதி, பில் தொகை, கட்டிய சுங்க வரி, வரிசை எண் ஆகியவற்றை எழுதுங்கள். வாரம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று கொட்டகையைப் படம் எடுத்து வையுங்கள். ரிவெட் அடித்த உங்கள் உழைப்புக்கு மதிப்பு உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பேசி வைக்காவிட்டால் பொருளின் விலைக்கு மட்டும்தான் பணம் வரும்.

இரண்டாம் படி: வழிப் பயணம்

கிட் கப்பலில் கொச்சிக்கு வந்து, அங்கிருந்து லாரியில் வரும். விற்பவரின் இடத்திலிருந்து உங்கள் கொட்டகை வரைக்கும் ஒரே மெரைன் கார்கோ பாலிசி எடுங்கள். துறைமுகம் வரைக்கும் விற்பவர் பார்த்துக்கொள்வார் என்று பாதி வழியை விட்டுவிடாதீர்கள். சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை விதிகள் உண்டு. விரிவானது ஏ. அதையே கேளுங்கள். பொருளின் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றையும் கூட்டி, அதற்கு மேல் பத்து சதவீதம் சேர்ப்பது வழக்கம். சுங்க வரியையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். பேக்கிங் சரியில்லாமல் வந்த சேதத்துக்கு ஏ வகையிலும் பணம் கிடைக்காது.

சரக்கு உங்கள் இடத்தில் இறங்கியதும் இந்தப் பாலிசி முடிந்துவிடும். துறைமுகத்திலேயே தேங்கிக் கிடந்தால், கப்பலிலிருந்து இறக்கி 60 நாளோடு முடியும். பெட்டி வந்ததும் நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். வெளியே தெரியாத சேதத்தைக் கப்பல் நிறுவனத்துக்கு 3 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். அன்றைக்கே திறந்து, படம் எடுத்து, காப்பீட்டு அலுவலகத்துக்கும் தகவல் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. முன்பணத்தை இந்தப் பாலிசி காக்காது. 2023 டிசம்பரில் விமானக் கிட் விற்கும் அமெரிக்காவின் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. முன்பணம் கட்டியிருந்தவர்கள் விலை ஏற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் கிட் கிடைக்கும் என்ற நிலை வந்தது. அதனால் ஒரேயடியாக எல்லாவற்றுக்கும் பணம் கட்டாமல், வால், இறக்கை, உடல் என்று பகுதி பகுதியாக வாங்குவதே நல்லது.

மூன்றாம் படி: கொட்டகை

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே, போதாதா என்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வீட்டுச் சாமான்களுக்குத் தானாகக் கிடைக்கும் காப்பு, கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். அது பாத்திரம் பண்டத்துக்கானது, விமானக் கிட்டை நினைத்து எழுதியதில்லை. கொட்டகைக்கென்று தனியாகத் தீக் காப்பீட்டுப் பாலிசி எடுங்கள். புயலும் வெள்ளமும் அதில் உண்டா என்று பாருங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தைப் பார்த்த நமக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்தில் என்ன கிடக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். என் கொட்டகையின் மறுபாதியில் கொப்பரை காய்கிறது. ஈரக் கொப்பரை குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். அதைச் சொன்னதும் பிரீமியம் ஏறியது உண்மைதான். சொல்லாமல் விட்டிருந்தால் கிளெய்ம் நாளில் அதையே காரணம் காட்டி மறுத்திருப்பார்கள். இறக்கையை வீட்டு மாடியில் வைத்திருந்தால் அந்த முகவரியும் பாலிசியில் இருக்க வேண்டும்.

திருட்டுக்குத் தனி பாலிசி. பூட்டை உடைத்து நுழைந்த தடயம் கேட்பார்கள். அதனால் விமானக் கருவிகளைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். இரும்பில் பிடிக்கும் துரு, அலுமினியத்தில் பூக்கும் வெள்ளைப் பொடி இரண்டும் எந்தப் பாலிசியிலும் சேராது. அது நம் பராமரிப்பு.

நான்காம் படி: தொகையை ஏற்றிக்கொண்டே போங்கள்

இதில்தான் நான் பணம் இழந்தேன். வால் பகுதி மட்டும் இருந்தபோது எடுத்த தொகையை, எஞ்சின் வந்த பிறகும் மாற்றவில்லை. ஆனி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ராத்திரி புயலில் கூரைத் தகரம் பிய்ந்து இறக்கை மேல் விழுந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார், நோட்டையும் படங்களையும் பார்த்தார், சேதத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தது. கொட்டகையில் 40 லட்சத்துக்குப் பொருள் இருக்க, 20 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு இருந்தால், 4 லட்சம் சேதத்துக்கும் அதே பாதி விகிதத்தில் 2 லட்சம்தான் கிடைக்கும். மீதியை நாமே சுமக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய பாகம் வந்த அன்றும் ஏஜென்டிடம் எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியில் தொகையை ஏற்றி எழுதும் திருத்தம், கேளுங்கள். கூடுதல் பிரீமியம் கட்டிய ரசீது கையில் வரும்வரை அந்தப் பாகத்துக்குக் காப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கூலிக்கு ஒரு பையனை வைத்திருந்தால், சட்டப்படி அவனுக்கு வேலையில் அடிபட்டால் இழப்பீடு நம் பொறுப்பு. அதற்கும் பாலிசி உண்டு. எடுத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: எஞ்சினை ஓட்டுவதற்கு முன்

டேங்கில் பெட்ரோல் ஊற்றும் நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே விமானக் காப்பீடு தெரிந்த புரோக்கரைப் பிடியுங்கள். தரையில் நிற்பது, தரையில் ஓடுவது, பறப்பது என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் தரை ஆபத்துக்கு மட்டும் எடுத்தால் போதும். பறப்பதற்கான காப்புக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அனுமதியையும் ஓட்டுகிறவரின் பறப்பு மணிநேரத்தையும் கேட்பார்கள். வேலந்தாவளம் தாண்டி ஓடுதளத்துக்கு இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றும் நாளுக்கு மறுபடியும் ஒரு வழிப் பயணப் பாலிசி வேண்டும். புதிய பாலிசி கையில் வந்த பிறகே கொட்டகைப் பாலிசியை ரத்து செய்யுங்கள்.